அடைக்கோழியும் அவசர ஸ்தோத்திரமும்

1909 ஜூன் 13, ஞாயிறு

விடியும்போதே சாரல். மேல்காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்தது. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

காய்ச்சல் இல்லை. போன மாதக் கடைசியோடு குளிரும் நடுக்கமும் நின்றுவிட்டன. கொயினா மருந்தும் நிறுத்தியாயிற்று. காதில் இரைச்சல் மட்டும் மிச்சம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மண்ணீரல் வீக்கம் வற்றிவிட்டது, இனி நன்றாகச் சாப்பிட வேண்டியதுதான் என்றார். சோறு வாய்க்குள் போனால் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் காலையில் ஒரு கூடையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். கூடைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எதையும் கேட்கத் தோன்றுவதில்லை.

ஆராதனை முடிந்து திரும்பும்போது அவர் தனியாக வரவில்லை. பாளையங்கோட்டையே பின்னால் வந்தது. முதலில் மைனி ரெபேக்காள், இவருடைய அக்காள், அடுத்த வீடு. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏளா அன்னம், கர்த்தர் பெரிய காரியம் செஞ்சிட்டாரே!"

என்ன காரியம் என்று பிறகு தெரிந்தது. இவர் எனக்காக ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்திருக்கிறார். பாதிரி ஐயர் பீடத்துக்கு முன்னால் நின்று சீட்டைப் பார்த்து வாசித்தாராம்: "உபாத்தினி அன்னம்மாள், நீடித்த விஷக்காய்ச்சலிலிருந்து பூரண சுகமடைந்ததற்காக, அவர் கணவர் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை."

பூரண சுகம்! நான் தலை வாரி மூன்று நாள்.

வந்து சேர்ந்தவை: மலைப்பழம் ஒரு சீப்பு, முட்டை, நுங்கு ஒரு குலை, வேப்பம்பூ வடகம், புத்திமதி ஏராளம்.

"முகத்துல தெளிச்சி வந்துட்டுலா."

"இனி பள்ளிக்கூடம் போயிரலாம்லா."

"போன ஞாயித்துக்கிழமை நான் ஜெபம் பண்ணினேன். அதாம்."

எல்லாருக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். கன்னம் வலிக்கிறது. நல்ல ஜனங்கள், ஒருவர் மேலும் குறையில்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் பொய் சொன்ன மாதிரி இருந்தது, வாயே திறக்காமல்.

ஜூன் 14, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

இவருக்குக் காலை ரயில். கிராமப் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற வேலை. திங்களன்று அம்பாசமுத்திரம் பக்கம் போனால் சனிக்கிழமைதான் வருவார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். முற்றத்தில் மைனி கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். செவத்தியைக் காணோம்.

"செவத்தி எங்க?"

"எது?" என்றார்.

"செவலைக் கோழி."

"அதத்தாம்ளா கர்த்தருக்குக் கொடுத்தேன். ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தேன், அதுதான் நல்ல கனம். காணிக்கைன்னா இருக்கதுல நல்லதத்தான கொடுக்கணும்?"

செவத்தி அம்மா கொடுத்த குஞ்சு. போன ஆகஸ்டில் அம்மா ஆழ்வார்குறிச்சியிலிருந்து கடைசியாக வந்தபோது, ஓலைக் கொட்டானில் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மா போய்விட்டாள். ஜனவரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இவரையும் வேலை மாற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்ததில் எது எதனால் என்றே தெரியாமல் போயிற்று. அம்மாவுக்காக நான் சரியாக அழக்கூட இல்லை. இந்த மனிதருக்குக் கோழி எங்கிருந்து வந்தது என்பது கூடத் தெரியாது.

கையில் செம்பு இருந்தது. எறிந்தேன். அவர் மேல் படவில்லை, கதவு நிலையில் பட்டு உருண்டது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் சிரிப்பு! அதைக் கண்டதும் எனக்கு இன்னும் ஏறியது. அடுத்து என்ன எறியலாம் என்று நான் தேடுவதற்குள் ரயிலுக்கு ஓடிவிட்டார்.

கோயில் வாசலில் நடக்கிற காணிக்கை ஏலத்தில் செவத்தியை யார் எடுத்தது என்று மைனியைக் கேட்டேன்.

"கருப்பட்டிக் கடை சாமுவேல் அண்ணாச்சிதான் எடுத்தாவ. நாளைக்கு மருமகன் வாராராம்லா."

மருமகன் வந்தால் கோழிக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியாதா? தலையை அள்ளி முடிந்தேன். சேலையை மாற்றினேன். மைனி வாயைப் பிளந்துகொண்டு நிற்க, தெருவில் இறங்கினேன்.

மார்க்கெட் வரைக்கும் வழியெல்லாம் "பூரண சுகம், பூரண சுகம்" என்று ஆட்கள். யாருக்கும் நின்று பதில் சொல்லவில்லை. கடையில் சா. அண்ணாச்சி தராசோடு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன வாத்திச்சியம்மா, கர்த்தருக்குக் கொடுத்ததத் திருப்பிக் கேக்கதுக்கா வந்திய?"

"கர்த்தருக்குக் கொடுத்திருக்கு. உங்க குழம்புச் சட்டிக்குக் கொடுக்கலையே, அண்ணாச்சி!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து, வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கே அவர் மனைவி ராகேல் விறகு அறையின் இருட்டைக் காட்டினாள். மூலையில் உடைந்த பானை, அதில் வைக்கோல். வைக்கோலில் செவத்தி, உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு பங்கு பெரிதாக. தொடப் போனேன். ஒரு கொத்து.

"தொடாதீங்க. அடைக்கு வந்திருக்கு. நேத்து கூடையத் தொறந்ததும் ஓடிப்போயி இங்கன உக்காந்துட்டு. நானும் முட்டை வச்சிட்டேன். இனி கலைக்கப்படாது."

"மருமகன்?"

"அவருக்குச் சாளைமீன் குழம்பு போதும்."

அங்கேயே விறகுக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ராகேல் சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கடையிலிருந்து சா. அண்ணாச்சி வந்து தீர்ப்புச் சொன்னார். கோழி உங்களுடையது, முட்டை எங்களுடையது, குஞ்சு பாதிக்குப் பாதி. வாரக் கோழி விடுகிற ஊர் வழக்கம்தான். குஞ்சு பொரிக்கும்வரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எனக்குச் சம்மதம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஜனவரிக்குப் பிறகு நான் தெருவில் நடந்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 16, புதன்

வெயில். செவத்தியைப் பார்க்கப் போனேன். நேற்றும் போனேன். கை மேல் கொத்திய இடத்தில் கன்றியிருக்கிறது.

அவள் ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்குகிறாள். ரெண்டு பொறுக்கு பொறுக்குகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், திரும்ப ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். கண்ணைத் திறந்துகொண்டே ஒன்றையும் பார்ப்பதில்லை. யாரும் அவளை "என்ன செய்யுது, ஏன் இப்படி இருக்கே, எழுந்து நடந்தால் சரியாய்ப் போகும்" என்று கேட்பதில்லை. அடை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கோழி மேல் பொறாமைப்பட்ட உபாத்தினி இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரே வித்தியாசம், என் கீழே முட்டை ஒன்றும் இல்லை.

மைனி: "விசுவாசம் கொஞ்சம் கொறச்சல், அதாம் முகம் இப்படி இருக்கு."

எதிர்வீட்டு அம்மாள்: "வேப்பிலை அடிச்சாப் போயிரும்."

சா. அண்ணாச்சி: "கருப்பட்டி சாப்பிடுங்க." (அவருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து.)

வாங்க வேண்டியது: நூல்கண்டு, ஊசி, விளக்குத் திரி.

ஜூன் 19, சனி

இவர் வந்தார். வாசலில் நின்று கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். என் கையில் செம்பு இருக்கிறதா என்று பார்த்தாராம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன், அன்றைக்கு ஏன் சிரித்தீர்கள் என்று. விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்.

"அஞ்சு மாசமா நீ என்கிட்ட ஒரு சண்டை போடலைளா. உப்பு இல்லன்னாலும் பேச்சில்ல, நான் லேட்டா வந்தாலும் பேச்சில்ல. செம்பு பறந்து வந்தப்பதான் எனக்கு உயிர் வந்துது."

அப்போது சொல்லிவிட்டேன். காய்ச்சல் போய்விட்டது, நான் இன்னும் வந்து சேரவில்லை என்று. காலையில் கண் விழித்தால் ஏன் விழித்தோம் என்று இருப்பதை. அம்மா முகம் நினைவுக்கு வந்தாலும் ஒன்றும் தோன்றாமல் மரத்துப் போயிருப்பதை. திரும்பவும் பழைய மாதிரி ஆகவே மாட்டேனோ என்கிற பயத்தை. எல்லாம்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ நான் கோயில்ல பொய்யா ஸ்தோத்திரம் பண்ணிட்டேனா?"

பாவமாக இருந்தது. அதே சமயம் சிரிப்பும் வந்தது. மனிதருக்குக் கவலை வருகிற இடத்தைப் பார்!

ஜூன் 20, ஞாயிறு

வானம் மூடாப்பு. கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்து இரண்டு பேருமாக ஐயரிடம் போனோம். இவர் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு, காணிக்கை கொஞ்சம் முந்திவிட்டது, சீட்டை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்தோத்திரத்தத் திருப்பிக் கொடுக்கதுக்கு நம்ம கோயில்ல ஏற்பாடு இல்லையே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்ப எப்படிம்மா இருக்கு?"

இத்தனை நாளில் பதிலுக்காகக் காத்திருந்து அதைக் கேட்டவர் அவர்தான். நாளுக்கு ஒரு விதமாக இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த மாதம் ஸ்தோத்திரப் பண்டிகை வருகிறது, உங்களுக்கே தோன்றினால் நீங்களே ஒரு சீட்டு எழுதுங்கள் என்றார். "உள்ளத மட்டும் எழுதுங்க. பூரணம் கீரணம் எல்லாம் வேண்டாம்."

ஜூன் 23, புதன்

எழுந்திருக்கவில்லை. செவத்தியைப் பார்க்கப் போகவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. அதுதான் பயம்.

ஜூன் 24, வியாழன்

இன்றும் அப்படியே. மத்தியானம் ராகேல் வந்தாள். நான் போகாததால் கோழிச் சமாச்சாரம் சொல்ல வந்தாளாம். கையோடு ஒரு முறம் அரிசி கொண்டுவந்திருந்தாள். என் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள். எழுந்திரு என்று சொல்லவில்லை. ஜெபம் பண்ணவும் இல்லை.

பாதி முறம் ஆனதும் தானாகச் சொன்னாள்.

"எனக்கும் மூணாவது பிள்ளை பெத்த பெறவு இப்படித்தான் இருந்துச்சி. பிள்ளையத் தூக்கவே தோணாது. கருப்பட்டிக் கடைக்காரி எனக்குக் கருப்பட்டியே இனிக்கலம்மா, கேட்டுக்கிடுங்க. அவியகிட்ட சொன்னா கடையே சிரிக்கும்னு சொல்லல."

"பெறவு?"

"ஒரு நா இனிச்சிது. மறுநா இனிக்கல. பெறவு ரெண்டு நா இனிச்சிது. பைய பையதான்."

அவள் போன பிறகு நானும் எழுந்து முகம் கழுவினேன். இதை எழுதும்போது மனசு லேசாகத்தான் இருக்கிறது. இதற்கு முன் இன்னொருத்தி இந்த வழியாக நடந்து போய்த் திரும்பி வந்திருக்கிறாள். வந்து கல்லும் பொறுக்குகிறாள்.

ஜூன் 29, செவ்வாய்

ஆற்றில் குளித்தேன்!!

டாக்டர் வேண்டாம் என்றிருந்தார், மைனி கூடவே கூடாது என்றிருந்தாள். ராகேலும் நானும் யாரிடமும் சொல்லாமல், வெயில் ஏறின பிறகு வண்டியில் போனோம். மலையில் மழை பெய்து தண்ணீர் வந்திருக்கிறது, கரைக்கு மேலே வயல்களில் கார் நெல் நடவு. முதலில் கணுக்கால். பிறகு முழங்கால். பிறகு ராகேல் பின்னாலிருந்து ஒரே தள்ளு. தலை வரை முங்கி எழுந்தேன், காதிரைச்சல் நின்றே போயிற்று. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டோம். படித்துறையில் துணி துவைத்த ஒருத்தி, "வயசான காலத்துல ஆட்டத்தப் பாரு" என்றாள். வயது முப்பத்தாறுதான் என்று திருப்பிச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது பயங்கரப் பசி. மைனி வீட்டில் கருவாட்டுக் குழம்பு வாசனை. கேட்டே வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன். மைனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தன் ஜெபம்தான் என்கிறாள். இருக்கட்டும். ஆற்றில் குளித்ததைச் சொன்னால் சந்தோஷம் கெட்டுவிடும்.

ஜூலை 5, திங்கள்

பொரித்துவிட்டது!

காலையில் ராகேல் ஆள் அனுப்பினாள். ஓடினேன். விறகு அறையில் கீச் கீச் என்று சத்தம். செவத்தியின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு தலை, பிறகு வாலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தலை. ஒரே ஒரு முட்டை கூமுட்டை. மிச்சமெல்லாம் உயிர். ராகேல் ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். செவலை. கொட்டானுக்குள்ளிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தாளே, அதே நிறம், அதே சூடு.

அம்மா அப்போது சொன்னது: "பத்திரமாப் பாத்துக்க, பருந்து தூக்கிரும்."

அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். எழவு வீட்டில் அழாததெல்லாம் சேர்த்து விறகு அறையில் அழுதேன். சா. அண்ணாச்சி கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "குஞ்சு செத்துப் போச்சா?" என்கிறார். ராகேல், "எல்லாம் நல்லாருக்கு, நீங்க போங்க" என்று விரட்டினாள்.

அழுது முடித்தபோது உடம்பே காற்றாக இருந்தது. அம்மா இல்லை என்பது வலிக்கிறது. வலிக்கிறதே என்று சந்தோஷமாக இருக்கிறது. யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். இங்கே எழுதலாம்.

அண்ணாச்சி கொடுத்த கருப்பட்டித் துண்டு மடியில் இருந்தது. வழியில் வாயில் போட்டேன். இனித்தது.

ஜூலை 8, வியாழன்

பள்ளிக்கூடத்தை நடத்துகிற மிஸியம்மாள் வந்தார்கள். திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் வகுப்புக் கணக்கும் தையலும். அரை நாள் மட்டும், ஆகஸ்ட் வரை. கெட்ட நாள் வந்தால் ஆள் அனுப்பிவிடுவேன் என்று நானே சொன்னேன். அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. கெட்ட நாள் வரும், எனக்குத் தெரியும். வந்தால் வரட்டும்.

பண்டிகைக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

ஜூலை 11, ஞாயிறு

ஸ்தோத்திரப் பண்டிகை. காலையில் வெயில், காற்று. கோயில் நிறையக் கூட்டம். பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், வாழைத்தார், நெல், முட்டை, கட்டிப்போட்ட கிடா ஒன்று. நடுவில் என் காணிக்கை. செம்பு. அன்றைக்கு எறிந்த அதே செம்பு, நெளிவோடு. புளி போட்டுப் பளபளவென்று விளக்கியிருந்தேன். நெளிவை மட்டும் எடுக்கவில்லை.

ஐயர் ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். பிள்ளைப்பேறு, பரீட்சை, வீடு கட்டியது, கொழும்பிலிருந்து சுகமாகத் திரும்பியது. என் சீட்டை எடுத்தார். ஒரு தடவை மனதுக்குள் படித்துக்கொண்டார். கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு எல்லாவற்றையும் வாசிக்கிற அதே குரலில்:

"உபாத்தினி அன்னம்மாள், தனக்குக் கோபம் வந்ததற்காகவும், பசி வந்ததற்காகவும், அழுகை வந்ததற்காகவும், ஸ்தோத்திரக் காணிக்கை, செம்பு ஒன்று."

ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் மட்டும் எழுந்து நிற்காத குறையாக, "ஆமென்!" என்றார். கோயிலே சிரித்துவிட்டது. ஐயரும் சிரித்தார். பெண்கள் வரிசையில் ராகேல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மைனி என் தொடையில் கிள்ளி, "ஏட்டி, கோயில்ல வாசிக்கச் சொல்லுத காரியமா இது?" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு வெட்கமே இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

வெளியே வந்ததும் இரண்டு பெண்கள், தனித்தனியாக, பைய என் பக்கத்தில் வந்து, "எனக்கும் அப்படி இருக்கு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். பெயர் இங்கேயும் எழுத மாட்டேன். விறகு அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், கோழிக்குஞ்சு பார்க்க.

பிறகு ஏலம். செம்புக்கு இவர் கேட்டார். சா. அண்ணாச்சி வேண்டுமென்றே மேலே கேட்டார். இவர் அதற்கும் மேலே. "நெளிஞ்ச செம்புக்கு இந்த விலையா வே?" என்று அண்ணாச்சி. "நெளிவுக்குத்தான் வே விலை!" என்று இவர். கடைசியில் இவரே எடுத்தார். இனி என் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பாராம்.

சாயங்காலம் செவத்தியும் எங்கள் பங்குக் குஞ்சுகளும் கடவத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள். கூடையை இவர்தான் திறந்தார். நேராக அவர் விரலில் ஒரு கொத்து. மறக்கவில்லை போலிருக்கிறது.

நாளைக்கு: நீலச் சேலை. குடை. சிலேட்டுக்குச்சி வாங்க வேண்டும். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டுப் போக மைனியிடம் சொல்ல வேண்டும், பருந்து

சாரல் அடிக்கிறது. கொடியில் துணி கிடக்கிறதே, ஐயையோ